பண்ணையாளும் வில்லனும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

தமிழ்த் திரைப்படத்தை ஒருமுறையேனும் பார்த்தவர்க்கு ‘வில்லன்’ என்னும் சொல்லுக்குப் பொருள் கூற வேண்டியதில்லை. கதாநாயகனுக்கு இடர் விளைவிப்பவன், கதாநாயகியைக் கவர முயல்பவன், இறுதிக் காட்சியில் அடிபட்டு வீழ்பவன் என்பன அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டுள்ள எண்ணங்களாகும். தமிழில் வேற்றுச்சொல் என்ற உணர்வுகூட இன்றி அது இன்று வழங்குகின்றது. ‘வில்லத்தனம்’, ‘வில்லி’ எனத் தமிழ் விகுதிகளையும் ஏற்றுக் கிளைத்துள்ளது. வில்லேந்தியவனைக் குறிக்கும் பழந்தமிழ் ‘வில்லி’க்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவைப்பது நன்று, ஒலியொப்புமை கண்டவிடமெல்லாம் வேர் காண முனையும் ஆர்வம் தமிழ்ச் சூழலிற் குறைவன்று.

இச்சொல் ஆங்கிலத்தில் முதன்முதல் எவரைச் சுட்டிற்று என்பதை அறியுமிடத்து வியப்பே மேலிடும். கொலைஞனையோ, கொள்ளைக்காரனையோ, வஞ்சகனையோ அது சுட்டவில்லை. அது சுட்டியது நிலத்தை உழுத குடியானவனை. தீயோனைக் குறிக்கும் இச்சொல்லை அதன் வேர்ப்பொருள் பிசகாமல் தமிழிற் பெயர்ப்பதாயின், ‘பண்ணையாள்’ என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. பண்ணையாளின் பெயர் தீயோனின் பெயராக மாறியது எவ்வாறு என்ற வினா சொல்லாராய்ச்சிக்குரியது போலத் தோன்றினும், அதன் விடை அகராதிகளுள் மட்டும் அடங்குவதன்று. இலக்கியத்தைப் படிக்கும் முறையோடும் அது தொடர்புடையது.

இலத்தீன் மொழியில் ‘வில்லா’ என்பது நாட்டுப்புறத்தே அமைந்த பண்ணையையும் அதனைச் சார்ந்த வீட்டையும் குறித்தது. செல்வரான உரோமர் நகரில் ஒரு மாளிகையும் நாட்டுப்புறத்தில் ஒரு வில்லாவும் உடையராயிருந்தனர். அவ்வில்லாவோடு பிணிக்கப்பட்டு அதன் நிலத்தில் உழைத்தவனைப் பிற்கால இலத்தீன் ‘வில்லானுஸ்’ என்றது. அது பழைய பிரெஞ்சில் ‘விலென்’ என்றாகி, 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் ஆங்கிலத்தினுட் புகுந்தது. ‘வில்லா’ என்பதன் வேர் குடியிருப்பைக் குறிக்கும் தொன்மையான இந்தோ-ஐரோப்பிய அடியோடு தொடர்புடையது என்றும், வடமொழியில் குடிகளைக் குறிக்கும் ‘விச்’ என்பதும் அதிலிருந்து தோன்றிய ‘வைசியர்’ என்பதும் அவ்வடியையே சார்ந்தன என்றும் ஒப்பியல் மொழியியலார் கருதுவர். ஒரே வேர் ஓரிடத்தில் வருணப் பெயராகவும் பிறிதோரிடத்தில் வசைப்பெயராகவும் நிலைபெற்றமை தனியே ஆராயத்தக்கது.

இவ்வேரிலிருந்து கிளைத்த சொற்களின் தலைவிதி ஒன்றாக இருக்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. கிராமத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதிலிருந்தே வந்தது. அது நன்மையோ தீமையோ சாராது நின்றுவிட்டது. நாட்டுப்புறப் பாடலாகத் தொடங்கி இத்தாலியில் ‘வில்லனெல்லா’ என வழங்கிய இசைவகை அரண்மனை வரை சென்று பெருமை பெற்றது. ‘வில்லா’ என்னும் மூலச்சொல்லோ சற்றும் மாசுபடாமல் இன்றும் மிளிர்கின்றது. கொழும்பிலும் சென்னையிலும் விலையுயர்ந்த வீடுகளை விற்போர் தம் விளம்பரங்களில் அதனையே பயன்படுத்துகின்றனர். உடையவனின் வீடு தன் பெயரை மானத்தோடு காத்துக்கொண்டது. அவ்வீட்டுக்கு நெல்லும் கோதுமையும் ஈட்டித் தந்தவனின் பெயர் மட்டுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது.

வில்லியம் மன்னனின் ஆணையின்படி 1086இல் தொகுக்கப்பட்ட ‘டூம்ஸ்டே’ எனப்படும் நிலக் கணக்கேட்டில் ‘வில்லானி’ எனக் குறிக்கப்படுவோரே எண்ணிக்கையில் மிகப் பெரிய பிரிவினர்; பதியப்பட்ட குடிகளுள் ஐந்தில் இரண்டு பங்கினர் அவர்களே. அக்காலத்தில் அச்சொல் ஊர்க் குடியானவன் என்னும் அளவிலேயே நின்றது. அடிமைத்தன்மை என்பது அதனோடு சட்ட அளவிற் பிணைக்கப்பட்டது 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளிலேயாகும். அரச நீதிமன்றங்கள் வலுப்பெற்ற அக்காலத்தில், எவன் சுதந்திரன், எவன் அல்லன் என்று வரையறுக்கும் தேவை சட்ட அறிஞர்க்கு ஏற்பட்டது. தன் பிரபுவின் நிலத்தில் வாரந்தோறும் கூலியின்றி உழைக்கக் கடமைப்பட்டவனும், மறுநாள் தனக்கு எவ்வேலை விதிக்கப்படும் என்பதை முன்கூட்டி அறியாதவனும் சுதந்திரமற்றவன் எனக் கொள்ளப்பட்டான். தன் மகளை மணமுடித்துக் கொடுப்பதற்கு அவன் பிரபுவுக்கு வரி கட்டினான். அவன் இறந்தால் அவனுடைய கால்நடைகளுட் சிறந்தது பிரபுவைச் சேர்ந்தது. பிரபுவுக்கு எதிராக அரச நீதிமன்றத்தில் நிலவழக்குத் தொடுக்கும் உரிமை அவனுக்கு இல்லை. எனினும் ஏனையோரைப் பொறுத்தவரையில் அவன் சுதந்திரனே என்றும் அதே சட்டம் கூறிற்று. நகரொன்றுக்குத் தப்பியோடி ஓராண்டும் ஒருநாளும் பிடிபடாது வாழ்ந்தால் விடுதலை பெறும் வழியும் இருந்தது. நிலமானிய முறையின் பொருளாதார அடித்தளம் முழுவதும் இம்மனிதனின் முதுகின்மேல் நின்றது என்பதில் வரலாற்றாசிரியரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இத்தகைய ஒருவனின் பெயர் ஒழுக்கக்கேட்டின் பெயராக மாறத் தொடங்கியது பிரெஞ்சு அரசவை இலக்கியத்தில் எனலாம். இழிந்தது, மலிந்தது என்னும் பொருளுடைய ‘வீலிஸ்’ என்ற இலத்தீன் சொல் ஒலியளவில் அருகிருந்து இம்மாற்றத்துக்குத் துணைபுரிந்தது. ஆனால் ஒலியொப்புமை வாயிலைத் திறக்குமேயன்றி உள்ளே நுழைவது எது என்பதைத் தீர்மானிப்பதில்லை. 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கியோம் த லோரிஸ் என்பவர் தொடங்கிய ‘ரோசாவின் காதை’ என்னும் பெருங்கவிதையில் இதற்குத் தெளிவான சான்று உண்டு. காதலன் கனவில் ஓர் அழகிய பூங்காவைக் காண்கிறான். அதனைச் சூழ்ந்த மதிலின் வெளிப்புறத்தே, உள்ளே நுழையத் தகுதியற்ற பத்து உருவங்கள் தீட்டப்பட்டுள்ளன. பகைமை, பேராசை, பொறாமை முதலியவற்றோடு ‘விலனி’யும், அதாவது பண்ணையாள்தன்மையும், அங்கு நிற்கின்றது. அதனோடு முதுமையும் வறுமையும் அதே வரிசையில் நிற்கின்றன. குணக்கேடுகளின் பட்டியலில் வறுமைக்கு இடமளிக்கப்பட்டிருப்பது தற்செயலன்று. அப்பூங்காவின் கதவைத் திறந்துவிடுபவள் பெயரோ ‘வேலையின்மை’. கையிற் கண்ணாடியும் தலையில் மலர்முடியும் உடைய நங்கை அவள். உழைக்கத் தேவையற்றவர்க்கே நற்குணத்தின் கதவு திறக்கும் என்பதை இதனினும் வெளிப்படையாகக் கூற இயலாது. அக்கவிதையின் அழகை மறுப்பதற்கில்லை. அதன் மதிலை யார் கட்டினர் என்ற வினாவை அந்த அழகு மறைத்துவிடுவதே இடர்ப்பாடு.

சொற்பொருளை நிலைநிறுத்துவோர் எழுதுகோலை உடையோர் என்பதை 1381ஆம் ஆண்டின் குடியானவர் கிளர்ச்சி மேலும் தெளிவாக்குகின்றது. 1348, 1349ஆம் ஆண்டுகளிற் பரவிய பெருங்கொள்ளைநோய் மக்கள்தொகையைப் பெரிதுங் குறைத்தது. உழைப்பவரின் விலை உயர்ந்தது. 1351இன் தொழிலாளர் சட்டம் கூலியைப் பழைய அளவிலேயே கட்டிவைக்க முயன்றது. இவற்றின்மீது தலைவரியும் சுமத்தப்படவே, கென்ற், எசெக்ஸ் பகுதிகளிலிருந்து மக்கள் இலண்டனை நோக்கித் திரண்டனர். பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும், ஏக்கருக்கு நான்கு பென்சு மட்டுமே குத்தகையாக இருத்தல் வேண்டும் என்பன அவர்கள் கேட்டவற்றுள் அடங்கும். போகும் வழியெங்கும் அவர்கள் தேடித்தேடி எரித்தவை பண்ணை நீதிமன்றங்களின் ஏடுகள். தம்மை ‘வில்லானி’ என்று பதிந்திருந்த எழுத்தையே அவர்கள் முதலிற் பகைத்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. யூன் 15ஆம் நாள் வற் டைலர் சிமித்பீல்ட் வெளியிற் கொல்லப்பட்டான். இளவயதினனான இரண்டாம் றிச்சாட் மன்னன் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரங்கள் சில வாரங்களுள் இரத்துச் செய்யப்பட்டன.

இக்கிளர்ச்சியைப் பற்றி இன்று அறியப்படுபவற்றுட் பெரும்பகுதி தோமஸ் வால்சிங்கம் போன்றோரின் நாளாகமங்களிலிருந்தே பெறப்படுகின்றது. வால்சிங்கம் சென்ற் ஓல்பன்ஸ் மடத்துத் துறவி. அம்மடமே பெரும் நிலவுடைமை நிறுவனம். அதன் குடிகள் தம் வீடுகளிற் கைத்திரிகை வைத்திருத்தல் தடைசெய்யப்பட்டிருந்தது; மடத்தின் ஆலையிலேயே கட்டணம் செலுத்தி மாவரைக்க வேண்டும். முன்னொரு காலத்திற் பறிமுதல் செய்யப்பட்ட திரிகைக் கற்களை மடத்தார் தம் கூடமொன்றின் தளத்திற் பதித்திருந்தனர். 1381இற் குடிகள் உட்புகுந்து அக்கற்களைப் பெயர்த்து, துண்டுகளாக்கிப் பகிர்ந்துகொண்டனர். தன் காலடியில் நிகழ்ந்த இச்செயலை எழுதிய துறவி கிளர்ச்சிக்காரரை எவ்வாறு வருணித்திருப்பார் என்பதை ஊகித்தல் கடினமன்று. கென்றில் நிலமுடையவராயிருந்த கவிஞர் ஜோன் கோவரும் அவ்வாறே. தம் இலத்தீன் காவியமான ‘வொக்ஸ் கிளமான்ரிஸ்’ஸின் முதற் பாகத்தில் கிளர்ச்சிக்காரரைக் கழுதைகளாகவும் எருதுகளாகவும் பன்றிகளாகவும் நாய்களாகவும் உருமாற்றிக் காட்டுகிறார். திரிகைக் கல்லைப் பெயர்த்தவன் எழுதிய நாளாகமம் எதுவும் எஞ்சவில்லை. எஞ்சியிருப்பின் ‘வில்லன்’ என்ற சொல்லுக்கு அகராதிகள் இன்று தரும் பொருள் வேறாக இருந்திருக்கவுங் கூடும்.

இச்சொல்லின் மாற்றத்தை விளக்க முற்பட்ட அறிஞர் பலர். றிச்சாட் செனவிக்ஸ் ட்ரெஞ்ச் 1851இல் வெளியிட்ட சொல்லாராய்ச்சி நூலில், முதலில் பண்ணையைச் சார்ந்தவன், பின்னர் பண்பற்றவன் என எதிர்பார்க்கப்பட்டவன், இறுதியில் பண்ணைத் தொடர்பு முற்றிலும் நீங்கிய தீயோன் என மூன்று படிகளை வகுத்துக் காட்டினார். எதிர்பார்க்கப்பட்டவன் என்ற அந்த நடுப்படியே அவர் விளக்கத்தின் உயிர்நிலை. ஆயினும் எதிர்பார்த்தவர் எவர் என்பதை அவர் நெடிது வினவவில்லை. நீட்சே 1887இல், நன்மை தீமை பற்றிய சொற்களே ஆண்டோர் தம்மையும் தாழ்ந்தோரையும் பிரித்துக் காட்டுவதிலிருந்து பிறந்தன என்று வாதிட்டார். ஆனால் அவர் அதனை வருந்தத்தக்க ஒன்றாகக் கொள்ளவில்லை. நூற்றுக்கு ஒருவரேனும் அவரை வாசிக்கும்போது தாம் உழுதவரின் வழித்தோன்றல் என்பதை நினைப்பரோ என்பது ஐயமே.

இவர்களுள் தனியே எதிர்கொள்ளப்பட வேண்டியவர் சி. எஸ். லூயிஸ். 1960இல் வெளிவந்த ‘சொற்கள் பற்றிய ஆய்வுகள்’ என்னும் நூலில், சமூக நிலையைக் குறித்த சொற்கள் குணத்தைக் குறிக்கும் சொற்களாக மாறுவதை ஒரு பொதுவிதியாக வகுத்து அதற்குப் பெயருஞ் சூட்டினார். உயர்குடியைக் குறித்த சொற்கள் பெருந்தன்மையைக் குறிக்கலாயின. தாழ்குடியைக் குறித்தவை கயமையைக் குறிக்கலாயின. சுதந்திர உழவனைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல் முரடனைக் குறித்தது. சிறுவனை, பின் ஏவலாளனைக் குறித்த சொல் போக்கிரியைக் குறித்தது. இவற்றை மனித இனத்தின் மேட்டிமை உணர்வுக்குச் சான்றாக மட்டும் காண்பது முழு உண்மையாகாது என்பது லூயிஸின் கருத்து. உயர்ந்தவன் எனப்படுபவன் உயர்ந்தவாறு ஒழுகுவான் என்ற நம்பிக்கையும் இதில் உண்டு என்பார் அவர். அதாவது, சொல் குணத்தின்மேல் ஏறியதும், அதனைக் கொண்டே பிறப்பால் உயர்ந்தவனையும் கண்டிக்க வழி பிறக்கின்றது.

இக்கருத்து எளிதில் தள்ளத்தக்கதன்று. சோசர் அதற்குச் சான்று. ‘கன்ரபரிக் கதைகள்’ நூலின் தோற்றுவாயில் வரும் போர்வீரன், எத்தகையோரிடத்தும் ‘வில்லனி’ பேசாதவன் எனப் புகழப்படுகின்றான். அங்கு அச்சொல் அரசவைப் பொருளிலேயே நிற்கின்றது. ஆனால் பாத் நகரப் பெண் கூறும் கதையிலே, வறியவளும் முதியவளுமான ஒருத்தி உயர்குலத்து இளைஞனுக்கு நீண்டதோர் அறவுரை பகர்கின்றாள். குலப்பெருமை தந்தை வழியில் வருவதன்று, இழிசெயலே ஒருவனை இழிகுலத்தவனாக்குகின்றது, கோமகனாயினும் அவ்வாறே என்பது அதன் சாரம். ‘வில்லன்’ என்னும் சொல் இங்குத் திசைமாறி மேல்நோக்கி எறியப்படுகின்றது. லூயிஸ் சுட்டும் வழி உண்மையில் இருந்தது என்பதை இது காட்டுகின்றது. ஆயினும் அவர் கூறாது விட்ட ஒன்றும் உண்டு. கோமகனை இழிவுபடுத்த அம்முதியவளுக்குக் கிடைத்த ஆயுதம், அவனைப் பண்ணையாள் என்று அழைப்பதேயாகும். பிரபு தீயவனானால் அவனுக்குக் குடியானவனின் பெயர் இடப்படுகின்றது. தீமை செய்யாத குடியானவனோ அப்பெயரைப் பிறப்பிலேயே பெற்றிருக்கின்றான். சொல்லை மேல்நோக்கி எறியும்போதும் அதன் கூர்முனை கீழிருப்பவனையும் கீறிச் செல்கின்றது.

ஷேக்ஸ்பியரின் காலத்தில் இச்சொல்லின் இரு பொருள்களும் அருகருகே உயிரோடிருந்தன. 1574இல் முதலாம் எலிசபெத் தன் அரச பண்ணைகளில் எஞ்சியிருந்த பண்ணையடிமைகளை விலைகொண்டு விடுவிக்கக் குழுவொன்றை நியமித்தாள். ஆகவே பழைய பொருள் நூல்களில் மட்டும் வாழ்ந்த ஒன்றன்று. ‘ஒதெல்லோ’வின் 1623ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சிடப்பட்ட பாத்திரப் பட்டியலில் இயாகோவின் பெயருக்கு எதிரே அவன் பதவி குறிக்கப்படவில்லை, வில்லன் என்றே குறிக்கப்பட்டுள்ளது. மூன்றாம் றிச்சாட் தன் முதல் உரையிலேயே தான் வில்லனாக இருக்கத் தீர்மானித்ததாக அறிவிக்கின்றான். நவீன பொருள் இவற்றில் முழுமை பெற்றுவிட்டது. விமர்சகர் பலரும் இவ்விரு சான்றுகளையே எடுத்தாள்வர்.

பயன் மிக்கவை வேறிரண்டு நாடகங்கள். ‘விரும்பிய வண்ணமே’ நாடகத்தின் முதற் காட்சியில், மூத்தவனான ஒலிவர் தந்தையின் சொத்தைத் தானே வைத்துக்கொண்டு, இளையவனான ஓர்லாண்டோவைக் கல்வியின்றிக் குடியானவனைப்போல் வளர்க்கின்றான். உரிமை கேட்ட தம்பியை அவன் ‘வில்லன்’ என்று ஏசுகின்றான். தீயவன் என்பதே அவன் கருதியது. ஓர்லாண்டோ அச்சொல்லை அதன் பழைய பொருளில் வாங்கி, தான் இன்ன தந்தையின் மகன் என்று கூறி, அத்தந்தைக்கு வில்லர் பிறந்தனர் என்பவனே மும்மடங்கு வில்லன் என்று திருப்பியடிக்கின்றான். அரங்கில் நகைப்பை விளைவிக்கும் மறுமொழி அது. ஆனால் அவனை நடைமுறையில் குடியானவனாக ஆக்கியவன் அண்ணனே. ஒருவனைத் தாழ்த்தி வைத்தபின் தாழ்ந்தவன் என்று பழிக்கும் முறை ஒரே சொல்லில் இங்கு வெளிப்பட்டுவிடுகின்றது. ஓர்லாண்டோவும் பண்ணையாளுக்காகப் பரிந்து பேசவில்லை, தான் அவனல்லன் என்றே மறுக்கின்றான் என்பதையும் கவனித்தல் வேண்டும்.

‘லியர் அரசன்’ இதனினும் ஆழமானது. அந்நாடகத்தில் ‘வில்லன்’ என்னும் சொல் பெரும்பாலும் தவறான ஆளையே சென்று தாக்குகின்றது. எட்மண்டின் பொய்க்கடிதத்தை நம்பிய கிளொஸ்ரர், குற்றமற்ற மகன் எட்கரை அச்சொல்லால் மீண்டும் மீண்டும் தூற்றுகின்றான். தூற்றலைக் கேட்டு நிற்பவன் உண்மையான வில்லனாகிய எட்மண்ட். மூன்றாம் அங்கத்தின் ஏழாங் காட்சியிற் கோன்வால் பிரபு கிளொஸ்ரரின் கண்ணைப் பிடுங்குகின்றான். சுற்றி நிற்போர் அவனுடைய ஏவலாளர். அவர்களுள் ஒருவன், சிறுவயது முதல் கோன்வாலிடமே பணிபுரிந்தவன், முன்வந்து தடுக்கின்றான். தான் இதுவரை செய்த பணியிலெல்லாம் சிறந்தது இப்போது கைநிறுத்தச் சொல்வதே என்கின்றான். அதற்குக் கோன்வால் தரும் மறுமொழி, ‘என்’ என்னும் உடைமைச் சொல்லும் ‘வில்லன்’ என்னும் பெயரும் மட்டுமே. என் தீயோனே என்று இதற்குப் பொருளுரைத்தால் அத்தொடர் உயிரற்றுப் போகும். என் அடிமையே, எனக்குச் சொந்தமானவனே, நீயா எதிர்த்து நிற்கின்றாய் என்பதே அங்கு ஒலிப்பது. றீகனின் வியப்பும் அதுவே: ஒரு குடியானவன் இவ்வாறு எழுந்து நிற்பதா என்று அவள் சீறுகின்றாள், வாளொன்றைப் பற்றி அவன் பின்புறமாகச் சென்று குத்திக் கொல்கின்றாள். உடனே அதே சொல் கண்ணிழந்த கிளொஸ்ரர் மீதும் வீசப்படுகின்றது. ஏவலாளனின் உடலைக் குப்பைமேட்டில் எறியக் கட்டளை பிறக்கின்றது.

நாடகம் முழுவதிலும் அரசரும் பிரபுக்களும் செய்யத் துணியாத ஒன்றை, பெயர்கூட இல்லாத இம்மனிதன் செய்கின்றான். அவன் தந்த காயத்தாலேயே கோன்வால் பின்னர் இறக்கின்றான். நீதி கடவுளரால் வழங்கப்படுவதா என்று நாடகம் நெடுக வினவப்படுகின்றது. ஒரே ஒருமுறை அது உடனுக்குடன் நிகழ்கின்றது, அதுவும் ஒரு பண்ணையாளின் வாளால். அறச்செயலின் உச்சத்தில் அவனுக்குக் கிடைக்கும் பெயர் தீயோனின் பெயர். சொல்லின் பழைய பொருளும் புதிய பொருளும் ஒன்றையொன்று இந்த இடத்தில் சுட்டெரிக்கின்றன. அவனை எவ்வாறு அழைப்பது என்று அறியும் உரிமை தமக்கே உண்டு என்போர்தாம் கண்ணைப் பிடுங்கிக்கொண்டிருக்கின்றனர். நான்காம் அங்கத்திலும் இதுவே மீள்கின்றது: குடியானவன் வேடத்தில், கொச்சை மொழி பேசித் தன் குருட்டுத் தந்தையைக் காக்கும் எட்கரை, ஒஸ்வால்ட் சாகும் தறுவாயிலும் அடிமை என்றும் வில்லன் என்றும் விளிக்கின்றான். அவன் இறந்ததும் எட்கர் அவனைப் பற்றிக் கூறும் சொற்களில் ‘வில்லன்’ என்பது வருகின்றது. எசமானியின் தீமைக்கெல்லாம் உவந்து பணிபுரிந்தவன் என்ற அடையோடு. அங்கு அது பொருந்துமிடத்திற் சென்று அமைகின்றது. ஷேக்ஸ்பியர் குடியானவர் பக்கம் நின்றார் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது மிகையாகும். ‘ஆறாம் ஹென்றி’யின் இரண்டாம் பாகத்தில் ஜாக் கேடின் கூட்டத்தை அவர் சித்திரித்த முறை அவ்வாறு கூற இடந்தராது. ஆனால் அக்காட்சியில் அவருடைய மொழி அவருடைய வர்க்கச் சார்பைக் கடந்து சென்றுவிட்டது என்பதை மறுத்தற்கியலாது.

பிற்காலத்து வரலாற்றைச் சுருக்கமாகவே கூறலாம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு பண்ணையடிமை பற்றிய வழக்குகள் ஆங்கில நீதிமன்றங்களில் ஓய்ந்தன. 1772இல் சோமர்செற் என்னும் கறுப்பின அடிமையின் விடுதலைக்காக வாதாடிய பிரான்சிஸ் ஹார்கிறேவ், ஆங்கிலச் சட்டம் அறிந்த ஒரே அடிமைமுறை பழைய பண்ணையடிமை முறையே, அது மறைந்துவிட்டது, புதியதொன்றைப் புகுத்த இடமில்லை என வாதிட்டார். பண்ணையாளின் பழைய துயரம் பிறிதொருவனின் விடுதலைக்குச் சான்றாக நின்ற அரிய தருணம் அது. அறிஞர், சட்டப்பொருளுக்கு ஓர் எழுத்துக்கூட்டலும் வசைப்பொருளுக்கு மற்றோர் எழுத்துக்கூட்டலும் எனப் பிரித்து வைக்கவே, ஆங்கிலம் பேசுவோர்க்கே இரண்டும் ஒரு சொல் என்பது மறந்துபோயிற்று.

19ஆம் நூற்றாண்டின் மெலோடிராமா நாடகங்களில் வில்லன் ஒரு நிலையான பாத்திர வகையானான். இங்கே வரலாறு ஒரு விந்தையான திருப்பத்தைச் செய்தது. இலண்டனின் மலிவுக் கட்டண அரங்குகளை நிறைத்தோர் உழைக்கும் மக்கள். அவர்கள் கூச்சலிட்டு வெறுத்த வில்லன் பெரும்பாலும் நிலப்பிரபுவோ அவனுடைய மகனோ ஆவான். 1827இல் சபொக் பகுதியில் மரியா மார்ற்றன் என்ற பெண் கொலையுண்டதை வைத்துப் புனையப்பட்ட நாடகங்களில், உண்மையிற் குத்தகை விவசாயி ஒருவரின் மகனான கொலையாளி, ஊரின் பிரபுவாகவே மாற்றப்பட்டான். பார்வையாளர் தாம் அறிந்த தீமையின் முகத்தை அவனுக்குத் தந்தனர். பண்ணையாளின் பெயர் ஈற்றிற் பண்ணையாரையே வந்து சேர்ந்தது.

தமிழ்த் திரைப்படம் பெற்றுக்கொண்டது இந்த வில்லனையே. 1965இல் வெளிவந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் எம். என். நம்பியார் ஏற்ற பாத்திரம், சமீன் சொத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு சவுக்கால் ஆள்பவன். அவனைத் தமிழ்ப் பார்வையாளர் ‘வில்லன்’ என்றபோது, அச்சொல்லின் பழைய உரிமையாளன் சவுக்குக்கு மறுபுறத்தில் நின்றவன் என்பது எவர்க்கும் தெரிந்திருக்கவில்லை. தமிழுக்கு அச்சொல் வந்தபோது அதன் நிலமானிய நாற்றம் நீங்கியிருந்தது. அந்த வகையில் ஆங்கிலத்தைவிடத் தமிழிலேயே அச்சொல் தூய்மையானது எனலாம்.

ஆயின் தமிழின் சொந்தச் சொற்கள் அத்துணைத் தூயன அல்ல. ‘கீழ்மகன்’ என்பது குலத்தாற் கீழானவனையும் குணத்தாற் கீழானவனையும் வேறுபாடின்றிச் சுட்டுகின்றது. திருக்குறளின் ‘கயமை’ அதிகாரம் குணத்தையே பேசுகின்றது என்பது உண்மை. எனினும் கயவரைக் குறிக்க அங்குக் கையாளப்படுவனவற்றுள் ஒன்று ‘கீழ்’ என்னும் சொல். ‘நாகரிகம்’ நகரத்தவன் பெயரிலிருந்து வந்தது. ‘பட்டிக்காட்டான்’ இன்னமும் வசையே. இவையெல்லாவற்றினும் கொடியது ‘சண்டாளன்’. பழைய தரும நூல்கள் தீண்டத்தகாதோர் என ஒதுக்கிய மக்களின் பெயர் அது. இன்று தமிழ் வீடுகளிலும் நாடகங்களிலும் வஞ்சகனையும் கொலைகாரனையும், ஏன், மழையில்லாக் காலத்து வானத்தையுங்கூட, அப்பெயராற் சபிப்போர் உளர். ‘வில்லன்’ என்பவர் எந்தப் பண்ணையாளையும் நேரிற் புண்படுத்துவதில்லை. இங்கிலாந்தில் அவன் மறைந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. தமிழில் அவ்வாறன்று. அச்சொல்லால் ஒதுக்கப்பட்டோரின் வழியினர் அதே தெருவின் மறுகோடியில் வாழ்கின்றனர். அச்சொல்லும் அவர்களின் காதில் விழுகின்றது.

ஷேக்ஸ்பியரைத் தமிழாக்குவோர்க்கு இது நேரடியான சிக்கல். கோன்வாலின் மறுமொழியிற் ‘கயவனே’ என்று பெயர்த்தால் ஏவலாளனின் அடிமைநிலை மறைந்துபோகும். ‘அடிமையே’ என்றால் வசையின் நச்சு குறைந்துவிடும். ‘சண்டாளா’ என்பது அரங்கிற் கைதட்டலைப் பெறும். ஆனால் அது கோன்வாலின் குற்றத்தை மொழிபெயர்ப்பாளரின் நாவுக்கும் மாற்றிவிடும். ‘கீழ்மகனே’ என்பது மூலத்தின் இரு பொருளையும் ஒருங்கே தாங்கவல்லது. அதனைக் கையாளும் நடிகர் ‘என்’ என்ற உடைமைச் சொல்லை அழுத்தி ஒலிப்பாராயின், கண் பிடுங்கப்படும் அக்கூடத்தில் எவன் கீழ்மகன் என்பதை அரங்கிலிருப்போர் தாமே தீர்மானித்துக்கொள்வர்.